கனவுக் குகைகள்: வாய்ப்புக் கிடைத்தால் எங்கே இறங்குவீர்கள்?

கானல்வீட்டுக்காரி (வட்டக்கானல்), வெள்ளி இரவு 9.10

எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கும் முன்பே கேட்பது ஒன்றுதான்: "குணா குகைக்குள் எவ்வளவு தூரம் போக விடுவார்கள்?" வேர்கள் படர்ந்த சோலை வரைக்கும், அதற்கப்புறம் வேலி என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. பிறகு ஒருவர் தணிந்த குரலில், "உள்ளூர்க்காரர் யாராவது வழி காட்டுவார்களா?" என்பார். காட்ட மாட்டார்கள். காட்டுகிறேன் என்று எவனாவது வந்தால் அவன் பின்னால் போகாதீர்கள்.

அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன். பணமும் உடம்பும் விசாவும் இடம் கொடுத்தால் உலகத்தில் எந்தக் குகைக்குள் இறங்குவீர்கள், ஏன்? அதைத்தான் கேட்க வந்தேன்.

என்னுடையது வியட்நாமின் சோன் டூங். 1990 வாக்கில் ஹோ கான் என்பவர் காட்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், பாறை வாயிலிருந்து காற்றும் ஆற்றிரைச்சலும் வந்தன. வீடு திரும்பியபின் அந்த இடத்துக்கு வழி மறந்துவிட்டது. தேடித் தேடி 2008-இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழு ஒன்றை அவரே அழைத்துப் போனார். அளந்து பார்த்தால், கன அளவில் அதைவிடப் பெரிய குகை எங்கும் இல்லை. சில இடங்களில் கூரை 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரை இடிந்து விழுந்த இரண்டு இடங்களில் வெயில் இறங்கி, குகைக்குள்ளேயே காடு வளர்ந்திருக்கிறது. மேகம்கூட உண்டாம். மேகத்துக்காக நான் வியட்நாம் போக வேண்டியதில்லை, இங்கே துவைத்த துணி காய்வதே இல்லை. அந்தக் காட்டுக்காகப் போவேன். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேருக்குத்தான் இடம், தலைக்கு 3,000 டாலர். சீசன் கூட்டம் இன்னும் பல வருடம் என் பக்கம் இருக்க வேண்டும்.

கயிறும்கொக்கியும் (கோவை), வெள்ளி இரவு 9.48

அக்கா, வியட்நாமுக்கு முன்னால் மேகாலயா இருக்கிறது. விசா வேண்டாம். ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற மௌசின்ராம் பக்கமெல்லாம் பாறை உள்ளே அரிக்கப்பட்டுக் கிடக்கிறது. அங்கே குகைக்கு 'கிரெம்' என்று பெயர். கிரெம் லியாத் பிரா அமைப்பு 30 கிலோமீட்டருக்கும் நீளம். கிரெம் பூரி 24.5 கிலோமீட்டர், மணற்கல் குகைகளில் உலகத்திலேயே நீளமானது, 2018-இல்தான் அளந்து முடித்தார்கள். அதே 2018-இல் கிரெம் மாவ்ம்லூ குகையின் சுண்ணாம்புப் படிவு ஒன்றை ஆதாரமாக வைத்து, கடந்த 4,200 ஆண்டுக் காலப்பகுதிக்கே 'மேகாலயன்' என்று புவியியலாளர்கள் பெயர் சூட்டினார்கள். நாம் இப்போது வாழ்வது மேகாலயன் காலத்தில்தான்.

நான் போனது ஜயந்தியா மலைப் பக்கம். அங்கே குகை ஊருக்கோ ஒரு குலத்துக்கோ சொந்தம். ஊர்த்தலைவர் வீட்டில் உட்கார்ந்து, கொடுத்த பாக்கை மென்று, பேசி முடித்த பிறகுதான் அனுமதி. உள்ளே நுழைந்ததும் ஆறு. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. ஓரிடத்தில் கூரை தாழ்ந்துகொண்டே வந்து, தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் காற்றுதான் மிஞ்சியது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மல்லாந்து, மூக்கைப் பாறையோடு ஒட்டியபடி நகர வேண்டும். அவசரப்பட்டால் நாம் கிளப்பும் அலையே மூக்கில் ஏறும். அதனால் ஒருவர் கடந்து தண்ணீர் அடங்கிய பிறகுதான் அடுத்தவர். அந்தப் பக்கம் எழுந்து நின்று விளக்கைத் தூக்கினால், கூரை முழுவதும் பென்சில் கனம்கூட இல்லாத வெள்ளைக் குழல்கள். உள்ளே துளையுள்ள குழல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் விழாமல் நிற்கும் ஒரு சொட்டு. தோள் பட்டால் ஒடிந்துவிடும் என்று நாங்கள் ஐந்து பேரும் தவழ்ந்தே கடந்தோம்.

டிசம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே காலம். மழை தொடங்கிவிட்டால் ஊர்க்காரர்களே அருகில் போக மாட்டார்கள்.

இது போய்வந்த இடம். கனவு வேறு: மெக்சிகோவின் கோலோந்திரினாஸ். தரையில் ஒரு வாய், உள்ளே நேர்க்குத்தாக 333 மீட்டர், சுவரில் கால் படாமல் கயிற்றிலேயே தொங்கி இறங்க வேண்டும். நம் கொடைக்கானல் தூண் பாறைகளின் உயரம் 122 மீட்டர். மூன்று தூண் பாறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். அந்தச் சுவரில் ஆயிரக்கணக்கான உழவாரக் குருவிகள் அடைகின்றன. அவை கிளம்பும் காலையிலும் திரும்பும் மாலையிலும் யாரும் கயிறு போடக் கூடாது.

இரவுப்பணி (ஊட்டி), வெள்ளி இரவு 11.30

நான் செவிலியர். எனக்கு லிஃப்ட் நின்றாலே வேர்க்கும். ஆனால் இரவுப்பணியில் வார்டு அடங்கியபின் படிப்பதெல்லாம் குகைகளைப் பற்றித்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கனவு காண அனுமதி உண்டா?

உண்டென்றால் என்னுடையது வெர்யோவ்கினா. அப்காசியாவில், கருங்கடலை ஒட்டிய மலையில் இருக்கிறது. ஆழம் 2,200 மீட்டருக்கும் அதிகம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அதாவது சேரிங் கிராஸில் ஒரு குழிக்குள் இறங்கினால் ஏறக்குறைய கடல் மட்டத்தில் போய் நிற்பீர்கள். கீழே போய்த் திரும்பப் பல நாள் ஆகும், வழியில் குகைக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். 2018-இல் ஒரு குழு அடியில் இருந்தபோது மேலே மழை பெய்து, கீழே வெள்ளம் ஏறத் தொடங்கியது. சாமான்களைப் போட்டுவிட்டுக் கயிற்றில் ஏறி உயிர் தப்பினார்கள். அதைப் படித்த இரவில் இரண்டு தடவை எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

அப்புறம் மெக்சிகோவின் நைக்கா. சுரங்கத் தொழிலாளர்கள் 2000-இல் தற்செயலாக உடைத்துத் திறந்த அறை. ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் நீளத்துக்கு மரம் சாய்ந்தாற்போல் கிடக்கின்றன. உள்ளே வெப்பம் 58 டிகிரி வரை, ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு. அந்தக் காற்றில் வேர்வை ஆவியாகாது, வேர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. பனிக்கட்டி வைத்த உடை இல்லாமல் பத்து நிமிடம் நிற்பதே ஆபத்து. இப்போது சுரங்கத்தில் நீர் இறைப்பதை நிறுத்திவிட்டதால் அறை மறுபடி வெந்நீருக்குள் போய்விட்டது. படிகங்கள் வளர்ந்ததும் அந்த நீரில்தான். இனி யாரும் போக முடியாது என்பதே எனக்கு ஏனோ நிம்மதியாக இருக்கிறது.

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), சனி காலை 6.05

3,000 டாலர் கொடுத்துச் சேற்றில் புரள ஒரு கூட்டம். எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், கூலி கொடுத்தே புரள விடுகிறேன்.

பழனிப் பையன் (பழனி), சனி காலை 8.22

அண்ணன்களுக்கு வணக்கம். வெளிநாடெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. என் கனவு குணா குகையின் அந்தப் பெரிய குழிதான். நான்கு நண்பர்கள் இருக்கிறோம், நல்ல டார்ச் இருக்கிறது, நூறு அடி நைலான் கயிறும் வாங்கிவிட்டோம். வேலியைத் தாண்ட எந்த நேரம் சரியாக இருக்கும்?

கானல்வீட்டுக்காரி (வட்டக்கானல்), சனி காலை 8.31

எந்த நேரமும் சரியாக இருக்காது தம்பி. இதற்குப் பயந்துதான் முதலிலேயே அந்தப் பேச்சை விட்டேன்.

கயிறும்கொக்கியும் (கோவை), சனி காலை 9.15

தம்பி, திட்டுவதற்கு எழுதவில்லை. நூறு அடி நைலான் கயிறு என்றாயே, அதையே பார்ப்போம். கடையில் எடை போட்டு விற்கும் கயிறு சாமான் கட்டுவதற்கு. ஆள் எடை ஏறினால் அது இழுபடும். நீ இறங்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் மேலும் கீழுமாக ஆடும். ஆடும்போது பாறை விளிம்பில் ஒரே இடத்தில் உரசும். அந்தப் பாறையின் விளிம்பு நைலானுக்கு அரம்தான். குகைக்காரர்கள் அதிகம் நீளாத கயிறுதான் போடுவார்கள், அதையும் விளிம்பில் படாதபடி தள்ளிக் கட்டுவார்கள் அல்லது கீழே துணிப்பட்டை வைப்பார்கள்.

சரி, இறங்கிவிட்டாய். ஏறுவது எப்படி? கையால் பிடித்து ஏறுவதா? ஈரக் கயிற்றில் இருபது அடி ஏறிப் பார், பிறகு பேசு. மேலே உள்ள மூன்று பேர் தூக்குவார்கள் என்றால், விளிம்பில் உரசும் கயிற்றில் ஒருவனைத் தூக்க மூன்று பேர் போதாது. கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன, ஒன்று மார்பில், ஒன்று காலோடு. அவற்றைத் தரையில், மரத்தில், பகலில் பழகிய பிறகுதான் இருட்டுக்குள் போக வேண்டும். டார்ச் ஒன்று போதாது, ஆளுக்கு மூன்று விளக்கு, அதில் ஒன்று தலையில். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவர் ஆள் அனுப்புவார். வேலி தாண்டிப் போகிறவன் யாரிடம் சொல்லிவிட்டுப் போவான்?

பாறை வாத்தியார் (குன்னூர்), சனி காலை 11.40

புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், சற்று நீளமாகத்தான் பேசுவேன்.

குணா குகை என்பது, மேகாலயாக்காரர் சொன்ன பொருளில், குகையே இல்லை. பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகிப் பிற்பாடு மேலே வந்தது. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். அந்தக் கல் போனது நம் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து.

இந்தப் பாறை மழைநீரில் கரையாது. சுண்ணாம்புக்கல் கரையும். மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறைக்குள் இறங்குகிறது, போகிற வழியையெல்லாம் கரைக்கிறது. காற்றுள்ள அறைக்கு வந்து சேர்ந்ததும் வாயு பிரிந்துவிட, கரைத்ததை அங்கேயே சொட்டுச் சொட்டாகப் படிய வைக்கிறது. கயிற்றுக்காரர் பார்த்த வெள்ளைக் குழல்கள் அப்படி உண்டானவை. நம் மலையில் அது நடக்காது. இங்கே நடப்பது வேறு: பாறையில் நேர்க்குத்தாக வெடிப்புகள் இருக்கின்றன. நீர் அந்த வெடிப்பு வழியே இறங்கி ஓரங்களை மக்க வைக்கிறது, மக்கியதை மழை கழுவிக்கொண்டு போகிறது. வெடிப்பு அகலமாகிறது. மேலேயிருந்து உருண்ட பாறைகள் அதன் வாயில் சிக்கிக் கூரையாகின்றன. அவற்றின்மேல் சருகும் வேரும் மண்ணும் சேர்ந்து தரை மாதிரி ஆகிவிடுகின்றன. மாதிரிதான், தரை அல்ல. குணா குகையின் ஆபத்தே அதுதான். அறைக்கு அடியில் அறை, குழிக்கு அடியில் குழி, எது பாறை எது சருகு என்று கால் வைத்த பிறகுதான் தெரியும்.

1821-இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி அந்த இடத்தைப் பார்த்து எழுதிவைத்தார். 'சாத்தானின் சமையலறை' என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். குணா என்பது 1991-இல் வந்த படத்தால் ஒட்டிக்கொண்டது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் விழுந்து, நண்பர் இறங்கித் தூக்கி வந்ததை எல்லாரும் இப்போது திரையில் பார்த்துவிட்டார்கள். அப்படித் திரும்பி வராதவர்கள் பலர். அவர்களுக்குப் படம் இல்லை.

ஈப்போ பேத்தி (கொடைக்கானல்), சனி மாலை 4.20

நான் இங்கே படிக்க வந்தவள், தாத்தா பாட்டி மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறார்கள். ஐயா சொன்ன சுண்ணாம்புக்கல் குகையைத் தமிழர்கள் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், பத்துமலைதான் அது. 272 படி ஏறி உள்ளே நின்றால் கூரையிலிருந்து தலையில் சொட்டும். பக்தர்கள் அதைத் தீர்த்தம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். படி ஏறும் வழியில் இடப்பக்கம் இருட்டுக் குகை ஒன்று இருக்கிறது. அதில் உடம்பில் கட்டுக்கட்டாகக் கண்டம் பிரிந்த, மிகப் பழைய வகைச் சிலந்தி ஒன்று வாழ்கிறது. அந்தக் குகையை 2019-இல் மூடிவிட்டார்கள்.

என் கனவு அதே மலேசியாவில், சரவாக் மாநிலத்து முலு குகைகள். 1981-இல் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் ஆற்றுவழியாக ஏறிப் போய், விளக்கடித்தால் எதிர்ச்சுவரே தெரியாத ஓர் இருட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். அது வழியல்ல, ஒரே அறை என்று அளந்த பிறகுதான் தெரிந்தது: 600 மீட்டருக்கு மேல் நீளம், 400 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அங்கேயே மான் குகையில் மாலையானால் இருபது முப்பது லட்சம் வௌவால்கள் வரிசையாக வெளியே வரும். அதைப் பார்க்க மட்டும் பலகைப்பாதை போட்டிருக்கிறார்கள், இரவுப்பணி அக்காகூட வரலாம்.

பாறை வாத்தியார் (குன்னூர்), சனி மாலை 4.55

முருகன் இரண்டு நாட்டு மலையிலும் இருக்கிறான். சுண்ணாம்புக்கல்லை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டான்.

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), சனி இரவு 7.30

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. கேலியில்லை.

எங்கள் தோட்டத்து மேல்கோடியில், சோலை தொடங்கும் இடத்தில் ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. ஆள் பக்கவாட்டில் நுழையலாம், நாலு அடிக்கு மேல் போக முடியாது. சித்திரை வெயிலில் மிளகு பறிக்கிறவர்கள் மதியச் சோற்றுக்கு அங்கேதான் உட்காருவார்கள், உள்ளேயிருந்து சில்லென்று காற்று வரும். போகர் அந்த வழியாகப் பழனிக்கு நடந்து போனார் என்பது எங்கள் தாத்தா சொன்னது. ஹோ கான் கதையைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. காற்று வந்தால் உள்ளே பெரிய குகை என்று அர்த்தமா?

பழனிப் பையன் (பழனி), சனி இரவு 7.33

அண்ணா, அது எந்த எஸ்டேட்? இடத்தைப் போடுங்கள், ஞாயிறு வருகிறோம்!

பாறை வாத்தியார் (குன்னூர்), சனி இரவு 8.50

காற்று வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, வாய் ஒன்றுதான், உள்ளே மிகப் பெரிய வெற்றிடம். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளிருந்து காற்று வெளியேறும், அழுத்தம் ஏறினால் உள்ளே போகும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகியா என்ற குகையைக் கண்டுபிடித்தது இப்படித்தான். பலருக்கும் தெரிந்த சாதாரணப் பள்ளம் அது. அடியில் கிடந்த இடிபாட்டின் ஊடே காற்று இரைந்துகொண்டே இருந்தது. 1986-இல் தோண்டித் திறந்தார்கள். இன்று 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்தாகிவிட்டது. அதை மேலிருந்து மழைநீர் கரைக்கவில்லை, கீழிருந்து கிளம்பிய கந்தக வாயு நீரோடு சேர்ந்து கடும் அமிலமாகிக் கரைத்தது.

இரண்டு, கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய். பாறை இடுக்குக்குள் வெப்பநிலை ஆண்டு முழுதும் அதிகம் மாறாது. கோடைப் பகலில் வெளியைவிட உள்ளே குளிர்ச்சி. குளிர்ந்த காற்று கனமானது, கீழ் வாய் வழியே இறங்கி வழியும். மார்கழி விடியலில் வெளியைவிட உள்ளே வெதுவெதுப்பு. அப்போது உள்காற்று மேல் வாய் வழியே ஏறிப் போகும், கீழ் வாய் வெளிக்காற்றை உறிஞ்சும்.

உங்களுடையது இரண்டாவது என்பது என் எண்ணம். சோதிப்பது எளிது, இப்போது மார்கழிதானே? விடியற்காலை பிளவின் வாயில் ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் மலைச்சரிவில் மேலே எங்கோ இன்னொரு வாய் இருக்கிறது. வானிலை மாறும்போது மட்டும் திசை மாறுகிறது என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நான் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

வௌவால் ரசிகை (கோத்தகிரி), சனி இரவு 9.30

தாண்டிக்குடி ஐயா, தயவுசெய்து இடத்தைப் போடாதீர்கள். மாவட்டம், ஊர் சொன்னதே அதிகம்.

எங்கள் கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூரில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. இடம் பரவியது, மலையேற வந்தவர்கள் ஓவியத்தின் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அழித்ததைத் திரும்ப வரைய அந்த ஓவியனா வருவான்? பிரான்சின் லாஸ்கோ குகையை 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள், பார்வையாளர்களின் மூச்சுக் காற்றிலேயே சுவரில் பாசி பிடித்தது, 1963-இல் மூடினார்கள். லெச்சுகியாவுக்கு இன்றும் ஆய்வுக்கும் அளவெடுப்புக்கும் மட்டுமே அனுமதி, நுழைவாய் எங்கே என்று பூங்காக்காரர்கள் விளம்பரப்படுத்துவதில்லை. உலகத்துக் குகைக்காரர்கள் எல்லாரும் கனவு காணும் குகை அது. அங்கே யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை.

இன்னொன்று. பிளவுக்குள் வௌவால் இருக்கலாம். 1948-இல் மேகமலையில் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவாலை வேறு இனம் என்று எண்ணி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972-இல்தான் அது உலகத்துக்கே புதிய இனம் என்று கண்டு சாலிம் அலியின் பெயரை வைத்தார்கள். மேகமலைக்கும் உங்கள் மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்குதான். குட்டியோடு தொங்கும் தாய் வௌவால் வெளிச்சத்துக்கு மிரண்டு பறந்தால் குட்டி கீழே விழும். புகையைப் பிடித்துப் பார்த்ததும் வந்துவிடுங்கள். மாலையில் தள்ளி உட்கார்ந்து, ஏதாவது வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

பழனிப் பையன் (பழனி), சனி இரவு 9.41

ரகசியம் ரகசியம் என்றால் எங்களைப் போன்றவர்கள் எப்போதுதான் பார்ப்பது? பணமுள்ளவர்களுக்கு வியட்நாம், படித்தவர்களுக்கு அனுமதிக் கடிதம், எங்களுக்கு வேலி.

கயிறும்கொக்கியும் (கோவை), சனி இரவு 10.10

கோபம் நியாயம்தான். அதற்கு என் பதில் ஆந்திரத்து பேலம். சமவெளியில் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் 3,229 மீட்டர் அளந்த குகை. 1884-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் குறித்துவைத்தார், அதற்கு இருபது ஆண்டு முன்பு பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவர் அவரே. 1980-களில் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு அளந்தது, 2002-இல் மக்களுக்குத் திறந்தார்கள். டிக்கெட் விலை உன் நைலான் கயிற்றைவிடக் குறைவு. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் தாடிபத்ரியில் இறங்கினால் அங்கிருந்து 30 கிலோமீட்டர்.

அதைப் பார்த்த பிறகும் ஆசை விடவில்லை என்றால் கோவைக்கு வா. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பயிற்சி செய்யும் பாறைச்சுவர் இருக்கிறது. கருவிகள் என்னிடமே உண்டு, காசு வேண்டாம். ஆறு மாதம் ஒழுங்காக வந்தால் அடுத்த மேகாலயாப் பயணத்தில் உன்னைச் சேர்க்கிறேன்.

கானல்வீட்டுக்காரி (வட்டக்கானல்), சனி இரவு 10.25

பழனியிலேயே இருக்கிற பையன் ஐவர்மலைக்குப் போயிருக்கிறானா? பாறைக்கு அடியில் நீளமான இயற்கைப் புடவு, மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று அதில் இருக்கிறது. பாண்டியர் வரலாற்றில் அவன் பட்டமேறிய ஆண்டு தெரிந்ததே அந்தப் புடவால்தான். சமணத் துறவிகள் தங்கிய இடம். வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. விடியற்காலையில் போனால் நீ மட்டும்தான் இருப்பாய்.

இரவுப்பணி (ஊட்டி), ஞாயிறு அதிகாலை 2.15

தாய்லாந்தை யாரும் சொல்லவில்லையே. 2018 ஜூன் 23, தாம் லுவாங் குகை, பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் சும்மா பார்க்கத்தான் உள்ளே போனார்கள். மழை பின்னால் வழியை மூடிவிட்டது. ஜூலை 2-இல் கண்டுபிடித்து, ஜூலை 10-இல் கடைசி ஆளை வெளியே கொண்டுவந்தார்கள். நீருக்கடியில் பதறிவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு மயக்கமருந்து கொடுத்தே மூழ்குவீரர்கள் சுமந்து வந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டும். அதை இருட்டில், சேற்று நீருக்குள் செய்திருக்கிறார்கள். பிராணவாயு உருளை கொண்டுபோன சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் திரும்பவில்லை.

நம் மலைக்கு இரண்டு பருவமழை. கயிற்றுக்காரர் அதையும் பையனிடம் சொல்லியிருக்கலாம்.

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), ஞாயிறு காலை 7.50

விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். நல்ல குளிர், புல்லெல்லாம் பனி. ஊதுவத்தியைப் பிளவுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். புகை நேராக மேலே எழும்பி, கொஞ்சம் யோசித்து, வளைந்து உள்ளே போனது. பக்கத்தில் கொண்டுபோனதும் நூல் இழுத்தாற்போல் இழுத்துக்கொண்டது. வத்தி முடியும்வரை திசை மாறவே இல்லை. சித்திரையில் ஊதுகிற அதே வாய் மார்கழியில் உறிஞ்சுகிறது. வாத்தியார் ஜெயித்தார்.

வாயில் முள்ளம்பன்றியின் முள் இரண்டு கிடந்தது. எடுக்கவில்லை.

பாறை வாத்தியார் (குன்னூர்), ஞாயிறு காலை 8.30

அப்படியானால் மேல் வாயைத் தேட வேண்டும். மார்கழி விடியலில் அந்த இடத்தில் வெதுவெதுப்பான ஈரக் காற்று வெளியே வரும், சுற்றிலும் பனி படியாமல் பாசி பச்சையாக இருக்கும். சரிவில் எவ்வளவு மேலே என்று தெரிந்தால் இடுக்கு எவ்வளவு தூரம் தொடர்கிறது என்று ஓரளவு சொல்லலாம். தேடும்போது தடி ஊன்றி, சருகைக் குத்திப் பார்த்தே கால் வையுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

லெச்சுகியா இல்லை என்று வருத்தமா?

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), ஞாயிறு காலை 8.44

லெச்சுகியாவாக இருந்தால் வனத்துறை, வருவாய்த்துறை, பழனிப் பையன் எல்லாரும் வந்திருப்பார்கள். இது போதும்.

போகர் விஷயத்தை மட்டும் வாத்தியார் இன்னும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

நெறியாளர், ஞாயிறு காலை 9.00

இடத்தை ஊகித்து வரைபடத்தோடு வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ஊகம் தவறு என்று தோட்டக்காரர் சொல்கிறார், ஆனாலும் அது வேறொருவரின் தோட்டம். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும். கனவுக் குகைகளைத் தொடரலாம்.

வௌவால் ரசிகை (கோத்தகிரி), ஞாயிறு இரவு 8.10

ஐயா, மாலையில் ஏதாவது வந்ததா?

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), ஞாயிறு இரவு 8.35

வந்தது. சின்னதாக, வேகமாக, பத்துப் பதினைந்து இருக்கும், எண்ண முடியவில்லை. பழந்தின்னி இல்லை, பூச்சி பிடிக்கிற வகை என்று நினைக்கிறேன். பேத்தியும் கூட உட்கார்ந்திருந்தாள். நாளைக்கும் வர வேண்டும் என்கிறாள்.

பழனிப் பையன் (பழனி), ஞாயிறு இரவு 9.20

ஐவர்மலை போய்வந்தேன் அக்கா. எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை, ஆனால் மத்தியானம் வரை அங்கேயே படுத்திருந்தோம், நல்ல நிழல். கயிற்றைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார். பொங்கல் விடுமுறையில் பேலம் போக நான்கு பேரும் பணம் சேர்க்கிறோம். கயிற்றுக்கார அண்ணா, அங்கே ஹெல்மெட் கொண்டுபோக வேண்டுமா?

கயிறும்கொக்கியும் (கோவை), ஞாயிறு இரவு 9.32

வேண்டாம், உள்ளே மின்விளக்கும் நடைபாதையும் உண்டு. தண்ணீர் எடுத்துக்கொள், உள்ளே புழுக்கம் அதிகம், சட்டை நனைந்துவிடும். கயிற்றைத் தாண்டிக்குடி ஐயாவிடம் கொடு, மிளகுக் கொடி கட்ட ஆகும்.

தாண்டிக்குடி காபி (கீழ்ப்பழனி), ஞாயிறு இரவு 9.36

பாதி விலைக்கு என்றால் எடுத்துக்கொள்கிறேன்.